தோலில் ஒட்டாது

"விடுங்க" என்றாள் என் மனைவி.

"நீ விடு" என்றேன் நான்.

எங்கள் வீட்டில் எல்லாச் சண்டையும் இப்படித்தான் தொடங்கும். அதனால் முதலில் எங்கள் இருவருக்குமே எதுவும் விபரீதமாகத் தெரியவில்லை. வாணலியின் கைப்பிடி கழன்றிருந்தது. கடைக்குப் புதிதாக வந்திருந்த 'பந்தம்' என்ற பசையை வாங்கி வந்திருந்தேன். நான் இடது கையால் வாணலியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ட்யூபைப் பிதுக்க, அவள் வலது கையால் கைப்பிடியைப் பொருத்த, ட்யூபின் அடி பிளந்து பசை மொத்தமும் பொங்கிக் கொட்டியது. வாணலி நழுவியது. அதைப் பிடிக்கப் போன என் இடது உள்ளங்கையும் அவள் வலது உள்ளங்கையும் நடுவழியில் சந்தித்துக்கொண்டன. வாணலியும் கைப்பிடியும் மட்டும் ஒட்டவேயில்லை.

வெந்நீர் ஊற்றினோம். சோப்புப் போட்டோம். எண்ணெய் தடவினோம். அதுவரை அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "இப்பவாவது என் கையைப் பிடிக்கணும்னு தோணுச்சே" என்று கிண்டல் வேறு. எனக்கு ரோஷம் வந்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தேன். அவள் அலறினாள். கட்டை விரலோரம் பொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. அதோடு வீட்டில் சிரிப்பு நின்றது.

ட்யூபை எடுத்துப் பார்த்தேன். பெரிய எழுத்தில் 'தோலில் ஒட்டாது' என்று போட்டிருந்தார்கள். கீழே அன்றாட வேதியியல் மையத்தின் முத்திரை. கழுவாமலே பளபளக்கும் தரை மெருகு, கறை படியாத சட்டை, ஈரம் பட்டால் கரைந்துபோகும் பை, இப்படி வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் கண்டுபிடித்துத் தள்ளும் மையம் அது. அந்தப் பையை நாங்களும் வாங்கியிருக்கிறோம். மழையில் நனைந்து, வாங்கிய சாமானைத் தெருவில் விட்டுவிட்டு அது மட்டும் போய்ச் சேர்ந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தார். "இங்க தெரியுதா? இங்க?" சுண்டு விரலில் இருவருக்குமே தெரியவில்லை.

"இது காயக் காய உள்ள இறங்குது. நாளைக்குக் காலைல வரைக்கும் பார்க்கலாம். அதுக்கப்புறம் கத்திதான்" என்றார் அவர். "கத்தி வச்சா ஒரு கையைத்தான் முழுசா மீட்க முடியும். இன்னொண்ணு இருக்கும், ஆனா மடங்காது. எந்தக் கை வேணும்னு ரெண்டு பேரும் பேசி வச்சுக்குங்க."

ஓட்டலில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதுபோலக் கேட்டுவிட்டார். நான் பஸ் ஓட்டுகிறவன், இடது கை இல்லாவிட்டால் கியர் மாற்ற முடியாது. அவள் தையல் கூடத்தில் துணி வெட்டுகிறவள், வலது கைதான் அவளுக்குச் சோறு.

"வேற வழியே இல்லையா டாக்டர்?"

"ஒட்டறதைக் கண்டுபிடிச்சவங்க கரைக்கறதையும் கண்டுபிடிக்காமலா இருப்பாங்க? மையத்துலயே போய்க் கேளுங்க."

மையத்தின் வாசலில் இறங்கும்போதுதான் அவள் சொன்னாள்: "உங்க கை போனா பஸ் போச்சு. என் கை போனா கத்திரி போச்சு. இதுல பேசறதுக்கு என்ன இருக்கு?"

"என் கையே போகட்டும்" என்றேன். என் குரல் எனக்கே நம்பிக்கையாகக் கேட்கவில்லை.

"உளறாம நடங்க."

வரவேற்பறைக்காரர் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு அடையாள அட்டைக்கு ஒரு ஆள்தான் உள்ள போகலாம். ஒருத்தர் வந்த பிறகு அடுத்தவர் போங்க."

கையைத் தூக்கிக் காட்டினேன்.

"கையைக் கோத்துக்கிட்டு உள்ள போகக் கூடாது. இது ஆராய்ச்சி நடக்கற இடம், பூங்கா இல்ல."

"கோக்கலீங்க. ஒட்டிக்கிச்சு. உங்க பசைதான்."

"எங்க பசை தோல்ல ஒட்டாது" என்றார் அவர். பல வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருப்பவர் போலிருந்தது. பிறகு எங்களைப் பார்க்கப் பாவமாக இருந்ததோ என்னவோ, ஒரு வழி சொன்னார். "ஒருத்தர் பார்வையாளர். இன்னொருத்தரைக் கைப்பொருள்னு எழுதிக்கறேன். யாரு கைப்பொருள்?"

"அவரை எழுதுங்க" என்றாள் என் மனைவி, யோசிக்காமல்.

ஆக, என் மனைவியின் கைப்பொருளாக நான் உள்ளே நுழைந்தேன். நடையில் திரும்பும்போது அவள் என் காதருகே சொன்னாள்: "அந்த ஆளு போன்ல யாருகிட்டயும் பேசலங்க. ஒயர் அறுந்து தொங்குது." எனக்கு அதையெல்லாம் கவனிக்கிற நிதானம் இல்லை. மோதிர விரலும் மரத்துப்போயிருந்தது.

பசைப் பிரிவின் அதிகாரி கையில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் கதையைப் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சந்தோஷப்பட்டார்.

"பிடிப்பு எப்படி இருக்கு? நல்லா இருக்கா? கொஞ்சம் ஆட்டிக் காட்டுங்க. ஆஹா! இந்தப் பசை ஒரே மாதிரி அணுக்கூட்டங்களோட நீளமான சங்கிலி. ட்யூப்ல இருக்கறப்ப தனித்தனியா சோம்பிக் கிடக்கும். ஈரக்காத்து பட்டதும் ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கும். அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது. உணர்ச்சிகரமான பசை."

"ஐயா, பிரிக்கணும்."

"என்ன ஒட்டியிருக்கு?"

"தோலு."

"தோல்ல ஒட்டாது" என்றார், முகம் மாறி. "நம்பலன்னா வாங்க, காட்டறேன்." கோப்பையைக் கீழே வைக்காமலே எழுந்து நடந்தார். கோப்பை காலி. அதன் உள்பக்கம் காய்ந்த பழுப்பு வளையம் ஒன்றுதான் இருந்தது.

அவர் கூட்டிப்போனது ஓர் இருண்ட, ஐஸ்பெட்டிபோல் குளிர்ந்த அறை. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் செருப்புக் கழற்ற ஆளுக்கு ஒரு கைதான் இருந்தால் எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அறை நடுவில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் விளக்கு வெளிச்சத்தில் இளஞ்சிவப்பாக ஒரு தகடு, குளியலறை விரிப்பு அளவுக்கு. மயிர் இல்லை, மச்சம் இல்லை, சுருக்கம் இல்லை. பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் பெட்டிமேல் கை வைத்து நின்றிருந்தார்.

"இதுதான் நிலையான தோல்" என்றார் அவர், தூங்குகிற குழந்தை எழுந்துவிடப் போகிறதே என்பதுபோல. "எங்க மையத்துலயே செஞ்சது. எல்லாப் பொருளையும் இதுமேலதான் சோதிப்போம். சோப்பு, ஷாம்பு, பசை, எல்லாம். இதுவரைக்கும் இதுக்கு ஒரு அரிப்பு வந்ததில்ல, ஒரு கொப்புளம் வந்ததில்ல."

"இது பிளாஸ்டிக் மாதிரி இருக்கே" என்றாள் என் மனைவி.

பெரியவர் அவளைப் பார்த்த பார்வையில் நான் அரையடி பின்வாங்கினேன். அவளும் கூடவே வரவேண்டியதாயிற்று.

பெட்டியின் ஓரத்துத் துளை வழியாக ஒரு சொட்டுப் பசை விட்டார்கள். அது தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓரமாய்ப் போய் விழுந்தது. இருவரும் எங்களைப் பார்த்தார்கள், வழக்கு தீர்ந்ததுபோல.

"அப்போ எங்க கை?" என்றேன்.

பெரியவர் ஒரு விரலால் என் முழங்கையைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார். "வேர்வை. ரோமம். ஒரே மேடு பள்ளம். இது தரமில்லாத தோல். உங்களைக் குத்தம் சொல்லல. பிறந்த தோல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கு. ஆனா அதுக்கு எங்க பசை எப்படிப் பொறுப்பாகும்?"

பயத்தில் மனுஷனுக்குக் கோபம்கூடச் சரியாக வருவதில்லை. "மன்னிச்சுக்குங்க" என்றேன். என்னத்துக்கு மன்னிப்புக் கேட்டேன் என்று இன்றுவரை என் மனைவி கேட்கிறாள்.

"கரைக்கறதுக்கு ஏதாவது இருந்தா குடுங்க, போயிடறோம்" என்றாள் அவள். நடுவிரலில் உணர்ச்சி இல்லையென்று என்னிடம் கண்ணாலேயே சொன்னாள்.

கரைப்பான் பிரிவுக்கு அனுப்பினார்கள். அதன் தலைவி கதவைத் தானே திறந்து, கைப்பிடியைப் பிடித்தபடி வாசலிலேயே நின்று பேசினார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவும் இல்லை, கதவை விடவும் இல்லை.

"கரைப்பான் இருக்கு" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பியது.

"ஆனா தடை பண்ணியிருக்கோம்."

வந்த உயிர் மறுபடி போய்விட்டது.

"ஏம்மா?"

"பந்தம் பசையை ஒரு நொடியில கரைச்சிடும். அதுல குறையில்ல. ஆனா தோலைத் தின்னுடும்." உள்ளே நின்ற ஊழியரைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த ஆள் இரண்டு கைகளாலும் ஒரு தட்டை ஏந்தியபடி வந்தார். தட்டில் கண்ணாடி பாட்டில் ஒன்று, பக்கத்தில் நிலையான தோலின் சிறு துண்டு. தலைவி இன்னொரு கையால் ஒரு சொட்டு எடுத்து அந்தத் துண்டில் விட்டார்.

துண்டு சுருங்கியது. குமிழ் விட்டது. நடுவில் பொத்தல் விழுந்து, அந்தப் பொத்தல் வாயைப்போல அகன்று, கண் எதிரே அது கோந்துக் குழம்பாகிப்போனது. என் மனைவியின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடியிருந்தாலும் அவளையும் இழுத்துக்கொண்டுதான் ஓடியிருக்க வேண்டும்.

"பார்த்தீங்களா? உங்க நன்மைக்குத்தான்" என்றார் தலைவி. "இயக்குநரைப் பாருங்க. அவர் ஏதாவது வழி சொல்வார். பாட்டிலையும் அவருக்குக் காட்டணும், அழிக்கறதுக்குக் கையெழுத்து வேணும்." தட்டுக்காரர் எங்களுக்கு முன்னால் நடந்தார்.

அவருக்குப் பின்னால் நடக்கும்போதுதான் நான் பார்த்தேன். அவர் விரல்களுக்கும் தட்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லை. மஞ்சளாக ஒரு கோடு. அந்தக் கோடு எனக்குத் தெரியும். காலையிலிருந்து என் கையிலும் அதுதான் ஓடுகிறது.

"பார்த்தியா?" என்றேன் மெதுவாக.

"இப்பத்தான் பார்க்கறீங்களா?" என்றாள். "போன்காரர். காபிக்காரர். பெட்டிமேல கை வச்ச பெரியவர். கதவுக்காரம்மா. ஒருத்தரும் விடலங்க. விட முடியல அவங்களால."

எத்தனை காலமாக இப்படி இருக்கிறார்கள்? ராத்திரி எப்படித் தூங்குவார்கள்? வீட்டுக்குப் போகிறார்களா? கேட்கத் தைரியமில்லை. நாளைக்கு நாங்களும் இந்த நடையில் ஏதாவது ஒரு மூலையில், பார்வையாளரும் கைப்பொருளுமாக, நின்றுகொண்டிருப்போமோ என்று தோன்றியதும் அழுகையே வந்துவிட்டது.

இயக்குநர் அறையில் பெரிய மேஜை. மேலே கண்ணாடிபோல் மின்னும் பிளாஸ்டிக் பூச்சு. அவர் நல்ல உயரம், நல்ல கோட்டு. வலது கையைக் கோட்டுப் பையில் விட்டபடி, இடது கையால் எங்களுக்கு வணக்கம் வைத்தார்.

"மக்கள் எங்களை நம்பறாங்க" என்று ஆரம்பித்தார், நாங்கள் எதுவும் கேட்கும் முன்பே. "ஏன் நம்பறாங்க? நாங்க மக்கள்மேல எதையும் சோதிக்கறதில்ல. மக்கள் ஆளுக்கு ஒரு மாதிரி. வேர்ப்பாங்க, சொறிவாங்க, எரியுதுன்னு கத்துவாங்க. அவங்களை வச்சுக்கிட்டு விஞ்ஞானம் பண்ண முடியுமா? அதனால மக்களுக்குப் பதிலா நாங்களே ஒண்ணு செஞ்சோம். அது கத்தறதில்ல. எங்க பொருள் எல்லாத்துக்கும் அது ஒத்துக்கிட்டிருக்கு. ஒரே ஒரு கரைப்பானுக்கு மட்டும் ஒத்துக்கல, அதைத் தடை பண்ணிட்டோம். இதைவிட ஒரு மையம் மக்களுக்கு என்ன செய்ய முடியும்?"

"எங்க கையைப் பிரிச்சு விட முடியும்" என்றாள் என் மனைவி.

"பிரிச்சிடலாம். அதுக்கு வழி இருக்கு." புன்னகைத்தார். "உங்க ரெண்டு கைத் தோலையும் உரிச்சுட்டு நிலையான தோலைப் போர்த்திடறோம். பசை தானா உதிர்ந்துடும்."

அவள்தான் கேட்டாள்: "இதுக்கு முன்னாடி யாருக்காவது செஞ்சிருக்கீங்களா?"

"நிலையான தோலை உரிச்சு நிலையான தோலையே போர்த்திப் பார்த்தோம். அது ஒண்ணும் சொல்லல."

"எப்போ செய்வீங்க?"

"இப்பவே. பக்கத்து அறையில எல்லாம் தயார்."

பக்கத்து அறையில் விளக்கு எரிந்தது. ஏதோ உலோகச் சாமானை ஒழுங்குபடுத்துகிற சத்தம் கேட்டது. தட்டுக்காரர் எங்கள் பக்கத்தில் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க" என்றாள் என் மனைவி, மிக மெதுவாக. "அவங்க தோல்ல பசை ஒட்டல. நம்ம தோல்ல ஒட்டுச்சு."

"ஆமா."

"அவங்க தோலை இந்தத் தண்ணி உருக்குது. அப்போ நம்ம தோலை?"

"உருக்காதா?" என்றேன். "நிச்சயமா தெரியுமா உனக்கு?"

"தெரியாது" என்றாள். "எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க."

"எனக்கும்தான்."

"தலைக்கு மேல போயாச்சு. இனி சாண் என்ன, முழம் என்ன. கண்ணை மூடிக்குங்க."

இடது கையால் தட்டிலிருந்து பாட்டிலை எடுத்தாள். "ஏய், ஏய்!" என்று இயக்குநர் எழுந்தார். தட்டுக்காரரால் தடுக்க முடியவில்லை. அவர் கைதான் தட்டோடு போய்விட்டதே. மூடியைப் பல்லால் திருகித் துப்பினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் அம்மா முகம், பஸ், கியர், என்னென்னவோ வந்தது. பிறகு கைமேல் ஜில்லென்று ஏதோ வழிந்தது.

இதோ எரியப் போகிறது என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தேன். மூக்கைத் துளைக்கும் வாடை வந்தது. எரியவில்லை. இன்னும் ஜில்லென்றுதான் இருந்தது. பக்கத்தில் 'சொய்ங்' என்று சத்தம் கேட்கவும் கண்ணைத் திறந்தேன். சொட்டுகள் விழுந்த இடத்தில் இயக்குநரின் மேஜைப் பூச்சு பொங்கிக் குழைந்துகொண்டிருந்தது. என் இடது கை என்னிடம் இருந்தது. அவள் வலது கை அவளிடம் இருந்தது. இரண்டும் சிவந்து, வெளுத்து, ஆனால் முழுசாக.

அவள் விரல்களை மடக்கிப் பார்த்தாள். நீட்டினாள். மறுபடி மடக்கினாள். அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். நானும்தான்.

இயக்குநர் எங்கள் கைகளையே நெடுநேரம் பார்த்தார்.

"இது தோலைத் தின்கிற கரைப்பான். அது நிரூபணமான விஷயம். உங்களை இது ஒண்ணும் பண்ணல. அப்படின்னா உங்க ரெண்டு பேருக்கும் இருக்கறது தோல் இல்ல" என்றார். "நல்லவேளை. எங்க சான்றிதழ்ல தவறு எதுவும் இல்ல."

தட்டுக்காரரைப் போகச் சொன்னார். அந்த ஆள் வாசல்வரைக்கும் பாட்டிலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். கதவு மூடிக்கொண்டது. பாட்டிலில் பாதிக்குமேல் மீதி இருந்தது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அதை இயக்குநர் முன்னால், பூச்சு உருகாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

"நீங்களும் ஊத்திக்குங்க ஐயா" என்றாள்.

அவர் நெற்றியில் வேர்த்தது. தரமில்லாத வேர்வை.

"எரிஞ்சுதா?" என்றார். இத்தனை நேரம் பேசிய குரல் இல்லை அது.

"இல்லீங்க. ஜில்லுன்னு இருந்துச்சு."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட இல்லீங்க."

அவர் இடது கையை நீட்டிப் பாட்டிலைத் தொட்டார். கோட்டுப் பைக்குள் வலது கை துடித்தது. துணியோடு சேர்ந்து அது மேலே வர முயல்வது தெரிந்தது. அந்த ஆள்மேல் எனக்கு அப்போது கோபமே இல்லை. ஊற்றிக்கொள்ளுங்களேன் என்று கத்த வேண்டும்போலிருந்தது.

கதவு தட்டப்பட்டது. காபிக் கோப்பையோடு பசைப் பிரிவு அதிகாரி தலையை நீட்டினார். "சார், ஏதோ வாடை வருதே?"

இயக்குநரின் முகம் பழையபடி ஆனது. "ஒண்ணுமில்ல" என்றார். "தடை செஞ்ச பொருள். இதைக் கொண்டுபோய் உடனே அழிச்சிடுங்க."

அதிகாரி இன்னொரு கையால் பாட்டிலை வாங்கிக்கொண்டார். அவர் அதைப் பிடித்திருந்த விதத்தில், வழியில் எங்காவது நிற்பார் என்று ஒரு கணம் நம்பினேன். நடையில் அவர் காலடிச் சத்தம் ஒரு இடத்தில் நின்றது. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். பிறகு காலடி மறுபடி நடந்தது. எங்கேயோ குழாயடியில் பாட்டிலைக் கவிழ்க்கும் சத்தம் வந்தது.

வெளியே வரும்போது வரவேற்பறைக்காரர் காதில் வைத்த தொலைபேசியோடு எங்களைப் பார்த்தார். கைகளையும் பார்த்தார். "கைப்பொருள் திரும்ப வந்தாச்சு" என்று எழுதிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்துக் கடையில் 'பந்தம்' புதிய அட்டையில் வந்திருந்தது. 'தோலில் ஒட்டாது' என்ற வரி அப்படியே இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: 'தோல் உள்ளவர்களுக்கு மட்டும்.' எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண் அதில் இரண்டு வாங்கிக்கொண்டிருந்தாள். "வேண்டாம்மா" என்றேன். ஏன் என்று கேட்டாள். என்னவென்று சொல்வது? முத்திரை இருக்கிறதே என்று காட்டிவிட்டு அவள் போய்விட்டாள்.

என் மனைவி என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். எனக்குத் திக்கென்றது. "விடு" என்றேன்.

விட்டாள். விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாக விலகுவதை நின்று பார்த்தேன். பிறகுதான் மூச்சு வந்தது.

"ஆச்சா?" என்றாள். மறுபடி பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை நான் விடச் சொல்லவில்லை.